என் உதையும் மச்சினன் முழங்காலும்

என் வலது கால் டெரிக்கின் இடது காதருகே போய் நின்றது. நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செருகலாம், அவ்வளவுதான் இடைவெளி. இடுப்பு சரியாகத் திரும்பியிருந்தது. பாதம் விறைப்பாக இருந்தது. கத்தல் வயிற்றிலிருந்து வந்திருந்தது. கோலாலம்பூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கொரியாக்காரர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

காலை அழகாக மடக்கி, புறப்பட்ட இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஓரடி பின்வாங்கினேன். தலை குனிந்து வணங்கினேன். ஒரு பாயிண்ட் கிடைக்கும் என்று நடுவரைப் பார்த்தேன்.

நடுவர் என்னைப் பார்த்தார். டெரிக்கும் பார்த்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையா, மேன்?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, என் மூக்கில் ஒரு குத்து விட்டான்.

கொட்டகையில் எழுந்த சிரிப்பு, ஆடிக்காற்றில் தகரக் கூரை அடித்துக்கொண்ட சத்தத்தையும் மீறிக் கேட்டது. முன்வரிசையில் பங்குச் சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்கள் பெஞ்சில் என் மனைவி பிலோமினா தலையில் கை வைத்துக்கொண்டாள். என் மூலையில் துண்டோடு நின்ற என் மச்சினன் சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு மூக்குவலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கப்பலில் வந்த இரண்டு பேர்

இந்தத் தொடரில் போன வாரம் வரை மலாயாவில் இருந்தவன் இந்த வாரம் திடீரென்று புத்தூரில் மூக்கில் ரத்தத்தோடு நிற்கிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதையும் வரிசையாகச் சொல்கிற பொறுமை எனக்கு இருந்ததில்லை. பிலோவைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வாள்.

கோலாலம்பூரில் டைப்பிஸ்டாக இருந்த கடைசிச் சில வருஷங்களில், சாயங்கால நேரங்களில் நான் டேக்வாண்டோ கற்றேன். அப்போதுதான் அந்த வித்தை அந்த ஊருக்கே வந்திருந்தது. பெரும்பாலும் கால் வேலை. எட்ட நின்று, தலை உயரத்துக்குக் காலைத் தூக்கி உதைக்க வேண்டும். ஆனால் பயிற்சிச் சண்டையில் உதை ஆளின் மேல் படக்கூடாது. நூலிழை இடைவெளியில் நிறுத்தத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். பட்டுவிட்டால் கொரியாக்காரர் முகம் சுருங்கும், நாம் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிறகு நான் திருச்சிக்குத் திரும்பினேன். உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை, புத்தூரில் வாடகை வீடு. ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் என் மச்சினன் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கினான்.

சவரி, பிலோவின் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு மலாயாவின் வட கோடியில், சயாம் எல்லையை ஒட்டிய அலோர் ஸ்டாரில் தனியாக வளர்ந்தவன். அங்கே தாய்லாந்துக் குத்துச்சண்டை கற்று, மேடை மேடையாக ஏறியிருக்கிறான். நான் கற்றதற்கு நேர் எதிரான வித்தை அது. நெருங்கிப் போக வேண்டும், கழுத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும், முழங்காலால் விலாவில் இடிக்க வேண்டும், முழங்கையால் வெட்ட வேண்டும். அதில் படாமல் விட்டால்தான் வெட்கம்.

அவனுடைய இடது கண்ணில் மேடையில் வாங்கிய பழைய அடி ஒன்று இருந்தது. வந்த வாரமே பிலோ அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இன்னொரு குத்து அங்க விழுந்தா பார்வை போயிடும் தம்பி. சொல்லிக் குடுக்கறதோட நிறுத்திக்குங்க, மேடை ஏறாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வாழை மரம் செய்த பாவம்

தாய்லாந்துச் சண்டைக்கு வாத்தியம் உண்டு. சண்டை நடக்கும்போதே ஒருவர் குழல் ஊதுவார், ஒருவர் கொட்டுவார். சண்டை சூடு பிடிக்கப் பிடிக்க வாத்தியமும் வேகம் பிடிக்கும். அது காதில் விழாவிட்டால் சவரிக்குக் கால் எழும்பாது. அதனால் விடிந்ததும் கொல்லைப்புறத்தில் தானே மூக்கால் ஊதிக்கொண்டு குதிப்பான். பல் விளக்கப் போனால் அந்தச் சத்தம், காபி குடிக்க உட்கார்ந்தால் அந்தச் சத்தம்.

கால் எலும்பை உரமேற்ற அங்கே வாழை மரத்தை உதைப்பார்களாம். எங்கள் வீட்டின் சொந்தக்காரர் கொல்லையில் பூவன் வாழை வைத்திருந்தார். குலை தள்ளிய மரம் ஒன்று ஒரு நாள் சவரியின் உதையில் மளுக்கென்று சரிந்தது. மனிதர் கைலியோடு ஓடிவந்து, "மரம் என்ன சார் பண்ணுச்சு உங்களை?" என்று என்னைக் கேட்டார். அந்த வாரம் முழுவதும் வாழைக்காய்க் கூட்டும் வறுவலுமாகச் சாப்பிட்டோம்.

"எப்பதான் கெளம்புவான் உன் தம்பி?" என்று பிலோவை நச்சரிப்பேன்.

"உங்க சத்தத்தை விடவா அவன் சத்தம் பெருசு?" என்பாள்.

அதிலும் நியாயம் இருந்தது. நான் முன்வாசலில் கொரிய எண்களைக் கத்தியபடி உதைத்துக்கொண்டிருப்பேன். ஹனா, தூல், செத். மூன்றாவது எண் வரும்போதெல்லாம் சமையலறையிலிருந்து, "விடிஞ்சும் விடியாம நல்ல வார்த்தையாச் சொல்லக் கூடாதா?" என்று குரல் வரும்.

ஒரு கொட்டகை, ஒரு சாவி

இரண்டு பேருக்கும் வகுப்பு நடத்த ஆசை. எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. பங்குச் சாமியாரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். எனக்குத் தெரியாமல் சவரியும் போய்க் கேட்டிருக்கிறான். சாமியார் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்பா அமலதாஸ், ஒரே வீட்டுல ஒரே சட்டிச் சோறு சாப்பிடறீங்க. கொட்டகை மட்டும் தனித்தனியா வேணுமா?"

"சாமி, என்னுது வேற வித்தை, அவனுது வேற..."

"எனக்கு ரெண்டும் அடிதடியாத்தான் தெரியுது. சேந்து சொல்லிக் குடுக்கறதா இருந்தா சாவி தரேன். இல்லைன்னா பூட்டு அப்படியே தொங்கட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டு வந்தோம். படி இறங்குவதற்குள் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று தகராறு. கடைசியில் பலகையே வைக்கவில்லை.

கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்தார்கள். கடைவீதியில் வேலை செய்பவர்கள் சேர்ந்தார்கள். வையம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தார். முதல் பாதி வகுப்பு என்னுடையது, மறு பாதி சவரியுடையது. "அத்தான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க" என்று அவன் ஆரம்பிப்பான். "இவன் சொன்னதை வீட்டுக்குப் போய் மறந்துடுங்க" என்று நான் முடிப்பேன். வையம்பட்டிக்காரர் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டே, "ரெண்டையும் மறக்கறதுக்கு நான் எதுக்குங்க அம்புட்டு தூரத்துலேருந்து வரணும்?" என்று கேட்டார்.

பாம்பாட்டியும் தவிலும்

வாத்தியம் இல்லாமல் வகுப்பு எடுக்க முடியாது என்று சவரி ஒற்றைக்காலில் நின்றான். தாய்லாந்துக் குழலுக்கு மகுடிதான் நெருக்கம் என்று அவனாக முடிவு செய்து, மெயின்கார்டு கேட் பக்கமிருந்து ஒரு பாம்பாட்டியைக் கூட்டிவந்தான். அவர் ஊத ஆரம்பித்ததும் மாணவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு குதித்தார்கள். அன்று குதித்த உயரத்தை நான் சொல்லிக்கொடுத்து ஒரு நாளும் குதித்ததில்லை. ஆனால் எதிரில் இருக்கும் ஆளை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் மடியில் தவிலோடு உட்கார்ந்திருந்த கோவிந்தனைப் பிடித்தான். கோவிந்தன் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிப்பவர்.

"முகூர்த்தம் இல்லாத நாளா இருந்தா வரேன் தம்பி. வாசிக்காம இருந்தா வெரல் மரத்துப் போயிடும். ஆனா கால் படாத எடமாப் பாத்து உக்கார வைங்க" என்றார்.

தவில் வந்ததும் கொட்டகைக்கு உயிர் வந்தது. கூடவே வம்பும் வந்தது.

தாய்லாந்து வழக்கப்படி, சண்டைக்கு முன்னால் மேடையைச் சுற்றி மெதுவாக ஆடி வந்து, மண்டியிட்டுக் குருவை வணங்க வேண்டும். சவரி அதைக் கோயில் பக்கம் திரும்பிச் செய்ய வைத்து, கடைசியில் ஒரு சிலுவை அடையாளமும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு அது பக்தி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. "கோயில் பின்னாடி தவிலு அடிச்சுச் சாமியாடறாங்க" என்று புகார் போயிற்று. திருவிழா நாடகக்காரர்களுக்கும் அதே கொட்டகை மேல் கண்.

சாமியார் எங்களைக் கூப்பிட்டார். "இது வெளையாட்டுதான்னு ஊருக்குக் காட்டுங்க. பொன்மலையில டெரிக்னு ஒரு பாக்ஸர் இருக்கார், வரச் சொல்றேன். மூணு ரவுண்டு. ஜெயிச்சா கொட்டகை உங்களுக்கு. தோத்தா நாடகக்காரங்களுக்கு."

சவரி மேடை ஏற முடியாது. அப்படியானால் நான்தான்.

அன்று சாயங்காலம் சவரி என் எதிரில் வந்து நின்றான். "கொட்டகை போச்சுன்னா நான் கப்பல் ஏறிடறேன் அத்தான். இங்க எனக்கு வேற என்ன தெரியும்? உங்க வீட்டுல எத்தனை நாளைக்குத்தான் சும்மா உக்காந்து சாப்பிடறது?" என்றான்.

உள்ளேயிருந்து பிலோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள். அப்படிப் பிடிக்கிறவள் அல்ல அவள். "அங்க போனா சும்மா சொல்லிக்குடுத்துட்டு இருப்பானாங்க? நாலு பேர் உசுப்பி விட்டா மேடை ஏறிடுவான். அந்தக் கண்ணு போயிடுங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எப்போது கிளம்புவான் என்று நான்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? ஆனால் கொல்லைப்புறம் அந்த மூக்கு ஊதல் இல்லாமல் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவன் போவதை நான் விரும்பவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

தூக்கிய காலை எங்கே வைப்பது

மறுநாளிலிருந்து விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து அம்மாமண்டபத்துக்குப் போனோம். காவிரியில் புதுத் தண்ணீர் வருவதற்கு முந்தைய நாட்கள். மணல் அகலமாகக் கிடந்தது. கணுக்கால் புதைகிற மணலில் உதைத்துப் பழகினால் தரையில் கால் பறக்கும். மூச்சு வாங்கினால் உட்காரலாம், மலைக்கோட்டையைப் பார்க்கலாம், மறுபடி சண்டை போடலாம்.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்காகத்தான். என் உதை எட்டத்தில் வேலை செய்யும். அவன் முழங்கால் கிட்டத்தில் வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் இருந்தது. நான் காலைத் திரும்ப மடக்கி எடுக்கும் நேரத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறேன். டெரிக் அங்கேதான் வருவான்.

"உதைச்ச காலைத் திருப்பி எடுக்காதீங்க அத்தான். முன்னால போடுங்க. அந்தக் காலோட நீங்களும் உள்ள போங்க. கழுத்தைப் பிடிங்க. அப்புறம் முழங்கால்."

"புறப்பட்ட எடத்துக்குக் கால் திரும்பணும்டா. அதுதான் அதோட அழகு."

"அழகு பாக்கறதுக்கு டெரிக் வரலை."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. கொரியாக்காரருக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, பஸ்ஸில்கூடத் தனித்தனி ஸீட். மூன்றாம் நாள், அவன் பார்க்காதபோது ஒரு தடவை காலை முன்னால் போட்டுப் பார்த்தேன். உடம்பு முழுவதும் தானாக உள்ளே போயிற்று. கதவைத் தள்ளப் போய், அது ஏற்கெனவே திறந்திருந்ததுபோல இருந்தது. பார்க்கவில்லை என்று நான் நினைத்தவன், "அதான்! அதான் அத்தான்!" என்று மணலில் குதித்தான்.

அவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். கிட்டே போவதற்கு அவன் எப்போதும் நாலு குத்து வாங்கிக்கொண்டுதான் போவான். கண்ணில் அடி பட்டதும் அப்படித்தான். என் உதை காதுக்குப் போனால் எதிராளியின் இரண்டு கையும் மேலே போகும், விலா திறந்துவிடும். "இப்படி ஒரு வழி இருக்கறது தெரியாமப் போச்சே அத்தான்" என்று இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

உதை, காலடி, முழங்கால். மூன்றுக்கும் கோவிந்தன் தவிலில் ஒரு தாள அடுக்குப் போட்டுத் தந்தார். கொட்டகையில் தொங்கவிட்ட தவிட்டு மூட்டையில் அது பிரமாதமாக விழுந்தது. மூட்டை கிழிந்து தவிடு கொட்டியது.

ஆனால் மூட்டைக்கு முகம் இல்லை. எதிரில் ஒரு மனித முகம் வந்துவிட்டால் என் கால் தீப்பெட்டி தூரத்தில் தானாக நின்றுவிடும். அதற்கு மட்டும் சவரியிடமும் மருந்து இல்லை.

ஆடிக்காற்று நாள்

போட்டியை ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டதே கோவிந்தனுக்காகத்தான். முகூர்த்தம் இல்லாத மாதம், அவர் கட்டாயம் வந்துவிடுவார். உப்பிலியபுரத்துக்காரரான ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் நடுவர். முழங்கை கூடாது, இடுப்புக்குக் கீழே கூடாது, மற்றபடி அவரவர் வித்தை அவரவருக்கு என்றார். டெரிக் என்னைவிட ஒரு சாண் உயரம், நல்ல மனிதன். தவிலைப் பார்த்துவிட்டு, "என்ன மேன், கல்யாணமா?" என்று கேட்டான்.

முதல் ரவுண்டில் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது ரவுண்டிலும் அதே கதை. இரண்டு தடவை அற்புதமாக உதைத்தேன், இரண்டு தடவையும் கால் காதருகே நின்றது. டெரிக் அதைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டான். கை தூக்கி மறைக்கக்கூட இல்லை. என் கால் வந்து நின்று திரும்பும் வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு குத்தினான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மணி அடித்தது. மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சவரி திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். மணலில் ஒரு கால் தப்பாகப் போட்டதற்கே வாய்க்கு வந்தபடி பேசுகிறவன்.

அவன் என் மூக்கை மெதுவாகத் துடைத்தான். "பரவால்ல அத்தான். நீங்க எனக்காக இவ்வளவு அடி வாங்கினதே போதும். விழாம நின்னுடுங்க, அது போதும்" என்றான்.

அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. போகப்போகிறவன் அல்லவா இப்படிப் பேசுவான்! இவன் என் வீட்டில் ஒரு வருஷமாக என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கட்டியவன். இப்போதே கப்பலில் ஏறி நின்றுகொண்டு எனக்குக் கை காட்டுகிறான்.

மூன்றாவது ரவுண்டுக்கு எழுந்தேன். தவில் ஆரம்பித்தது. பெண்கள் பெஞ்சிலிருந்து பிலோவின் குரல் தவிலையும் தாண்டி வந்தது. கோயில் பாடல் குழுவிலேயே பெரிய குரல் அவளுடையது.

"என்னங்க! நிக்காதீங்க! உள்ள போங்க!"

டெரிக் நெருங்கினான். என் வலது கால் எழும்பியது. அவன் அதைப் பார்த்தான், வழக்கம்போல நின்றுவிடும் என்று சும்மா இருந்தான். எனக்கு எதிரில் இருந்தது அவன் முகம்தான். ஆனால் என் கண்ணில் நின்றது கப்பல் ஏறப்போகும் சவரியின் முகம். கால் நிற்கவில்லை.

டொப்பென்று காதில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்டேன்.

டெரிக்கின் இரண்டு கையும் மேலே போயின. நான் காலை முன்னால் போட்டேன். போட்ட காலோடு உள்ளே போனேன். இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டி இழுத்தேன். கோவிந்தனின் தவில் எங்கே வந்து விழுந்ததோ அங்கே என் முழங்காலும் அவன் விலாவில் விழுந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

டெரிக் மெதுவாக, களைத்துப்போனவன் ஸ்டூலைத் தேடுவதுபோல, தரையில் உட்கார்ந்தான். ஹவில்தார் எண்ண ஆரம்பித்தார். கொட்டகை முழுவதும் சேர்ந்து எண்ணியது. சாமியாரும் எண்ணினார், நான் பார்த்தேன். எண்ணி முடித்ததும் ஹவில்தார் என் கையைத் தூக்கினார்.

அதற்குள் கயிற்றுக்குள் புகுந்து ஓடிவந்த சவரி என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். தகரக் கூரை பறந்துவிடும்போலச் சத்தம். வையம்பட்டிக்காரர் துண்டை எறிந்து பிடித்து ஆடினார். பிலோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் ஜெயித்தேன் என்று சொல்ல அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.

விலாவைத் தடவிக்கொண்டே டெரிக் எழுந்து வந்தான். "கடைசில தொட்டுட்டியே மேன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு சவரியிடம் திரும்பி, "அந்த முழங்கால் உன்னுதுதானே? எனக்கும் சொல்லிக் குடு. திங்கக்கிழமை வரேன்" என்றான்.

அன்று சாப்பாட்டின்போது பிலோ கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "ஏன் தம்பி, எப்ப கெளம்பற?"

"எங்கக்கா கெளம்பறது? திங்கக்கிழமை டெரிக் வரான். அத்தானுக்கு இன்னும் முழங்கையே சொல்லித் தரலை."

பிலோ கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் சொன்னேன், "நீ எங்கயும் போக வேணாம்டா சவரி. இது உன் வீடு."

அவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது சரி அத்தான். கழுத்தைப் பிடிக்கறப்ப தலையை ஏன் அப்படித் தூக்கினீங்க? நாளைக்கு விடியக்காலம் மணலுக்கு வாங்க, பேசிக்கலாம்."